நெரெயோ என்று கூப்பிட்டார்கள்

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து நாலைந்து மாதம் ஆனபோது என் குரல் உடைந்தது. அதுவரை நான் செவேரா. காதில் சின்னத் தோடு, இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடத்துக்கு நீலப் பாவாடை. உடம்பு மாறுவதை அம்மாதான் முதலில் கவனித்தாள். சனிக்கிழமை அப்பாவின் பழைய கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள், முடியைக் கத்தரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நான் செவேரோவாகப் போனேன்.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. பராவோனா நகரத்துக்கு மேலே, மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். பெண் என்று எண்ணி வளர்க்கும் குழந்தைகளில் ஒன்றிரண்டு அந்த வயதில் ஆணாகிவிடுவது எங்களுடையதுபோன்ற சில குடும்பங்களில் வழக்கம்தான். பன்னிரண்டுக்காரன் என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. "என்னடி செவேரா, அட, என்னடா செவேரோ, பாவாடைய யாருக்குடா குடுத்த?" என்று கடை வாசலில் ஒரு வாரம் கேலி செய்தார்கள். அடுத்த வாரம் பேஸ்பால் ஆட ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அத்தோடு சரி.

எனக்கோ புழுக்கமான அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்றுதான் தெரியவில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, தப்பான வரிசையில் நிற்கிறோம், யாராவது வந்து இழுத்துவிடப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய அன்று வெள்ளைக் கவுன் போட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் கழுத்தை ரத்தம் வரும்வரை சொறிந்துவிட்டேன். லேஸ் குத்துகிறது என்று அம்மா நினைத்தாள். இத்தனைக்கும் ஊரிலேயே அழகாகப் பூவேலை செய்கிற பெண் என்று எனக்குப் பெயர். சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டேன்.

என் சித்தி ஒனோரினாவின் கடைசி மகள் நெரெய்தா என்னைவிட இரண்டு வயது சிறியவள். நான் கால்சட்டை போட்ட அன்று எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இனிமே அண்ணன்னு கூப்பிடணுமா?"

"ஆமா."

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த மாம்பழத்தைப் பாதி கடித்துக் கொடுத்தாள். அதன்பிறகு ஒரு தடவைகூட வாய் தவறி அக்கா என்று சொன்னதில்லை. என் அப்பாவுக்கே அதற்கு ஆறு மாதம் பிடித்தது.

நெரெய்தாவுக்குப் பயம் என்பதே கிடையாது. எந்த மரத்திலும் ஏறுவாள். குறி வைத்துக் கல் எறிந்தால் கொத்தோடு மாங்காய் விழும். அவள் அப்பாவின் முரட்டுக் கோவேறு கழுதையைச் சேணம் இல்லாமல் ஓட்டுவாள். அவளுக்கும் குரல் உடைந்து, தோள் அகன்று, சித்தி வந்து என் அம்மாவிடம் கிசுகிசுத்தபோது யாருக்கும் ஆச்சரியமே இல்லை. "அது பொறந்ததுல இருந்தே ஆம்பளதான், நமக்குத்தான் தெரியல" என்றார்கள். பூவேலை செய்த நான் ஆண், கழுதை ஓட்டிய அவளும் ஆண். இரண்டையும் ஒரே கணக்கில் எப்படிச் சேர்த்தோம் என்று இன்றைக்கு யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நானும்தான் சேர்த்தேன்.

சித்தப்பா பசீலியோ சந்தோஷத்தில் மிதந்தார். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண் என்று பன்னிரண்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர். ஆடு வெட்டினார். தேங்காய்ப் பால் ஊற்றித் துவரையும் சோறும் இரண்டு பெரிய அண்டாக்களில் வெந்தன. பராவோனாவிலிருந்து ஒரு தொப்பியும் தோல் பூட்ஸும் வாங்கி வந்திருந்தார்.

"கடவுள் பாதி வழியில மனச மாத்திக்கிட்டாருடா," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். "நெரெயோ. எம் பையன் பேரு நெரெயோ."

முற்றத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். சித்தி கத்தரிக்கோலோடு பின்னால் நின்றாள்.

"எனக்கு வேண்டாம்பா," என்றாள் நெரெய்தா.

"என்ன வேண்டாம்?"

"முடி வெட்ட வேண்டாம்."

"ஆம்பளப் புள்ள பின்னலோட திரிவானா?"

"நான் ஆம்பளப் புள்ள இல்ல."

அதைச் சொன்ன குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமாக இருந்தது. முற்றமே சிரித்தது. நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். சித்தப்பா எனக்குக் கண் காட்டினார். நான் போய் அவள் தோள் இரண்டையும் பிடித்து அழுத்தினேன்.

"ஒரு நிமிஷம்தான். வெட்டினதும் எவ்வளவு லேசா இருக்கும் தெரியுமா? எனக்கு அப்படித்தான் இருந்துச்சு," என்று அவள் காதில் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அவள் திமிறவில்லை. கத்தரிக்கோல் முடிக்கும்வரை என் கைக்குக் கீழே அவள் தோள் கல் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் பெண்தான் என்று சொல்ல வாய் திறந்தால் அந்தக் குரலே அவளைக் காட்டிக்கொடுக்கும், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் தலையாட்டினாள். கையைக் காட்டினாள். "அப்பா மாதிரியே அளந்து பேசுறான்" என்று ஊர் அதையும் பாராட்டியது.

யாராவது அடித்திருந்தால், திட்டியிருந்தால் அவளுக்கு எதிர்த்து நிற்க ஏதாவது இருந்திருக்கும். எங்கள் ஊரில் அவளை எல்லாரும் கொண்டாடினார்கள். காலையில் சித்தப்பாவோடு தோட்டத்துக்குப் போவாள். காப்பிப் பழம் பறிப்பதில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அக்காமார் மூன்று பேரும் நின்றுகொண்டு பரிமாறுவார்கள், கறியில் பெரிய துண்டு அவளுக்கு. சாயங்காலம் கடை வாசலில் டோமினோ ஆட்டத்தில் சித்தப்பா தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பார். பள்ளிப் பதிவேட்டில் பெயர் மாறியது. சித்தப்பா மூன்று தடவை நகரத்துக்கு அலைந்து பிறப்புச் சான்றிதழையும் மாற்றிவிட்டு வந்தார். அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில், மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்குக் கீழேதான் அவள் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு தடவை சித்தி வீட்டுக் கொல்லையில் அவள் அக்காமாரின் பாவாடைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஈரத்துணி முகத்தில் படும்படி நின்றாள். என்னைப் பார்த்ததும் விலகி, விறகை எடுக்க வந்தவள்போல விறகை எடுத்தாள்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது தலைநகரத்திலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். அவர்களோடு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பன்னிரண்டுக்காரர்கள் எல்லாரையும் வரச்சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள், உயரம் எடை பார்த்தார்கள், கடைசியில் ஒரு மருத்துவர் அம்மா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"நீங்க ஆண்னு எப்போ தோணுச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"எப்பவுமே தோணுச்சும்மா. உடம்பு அப்புறமாத்தான் வந்து சேர்ந்துச்சு," என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. வேகமாக எழுதினார்.

அடுத்தது நெரெய்தா. சித்தப்பா அவளோடு வந்து நின்றார்.

"சின்னதுல இருந்தே ஆம்பளதாம்மா," என்றார். "நாலு வயசுல கோவேறு கழுத மேல ஏறினவன்."

"அவரே சொல்லட்டும்."

நெரெய்தா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு அந்தக் கனத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எம் பேரு நெரெய்தா. நான் பொம்பளதான். உடம்புக்கு என்னமோ ஆச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல."

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். "அப்போ இந்தச் சட்டை, கால்சட்டை?"

"போடச் சொன்னாங்க."

வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் ஏதோ மெதுவாகச் சொல்ல, மருத்துவர் அதைக் கேட்டார்: "பெண்களைப் பார்த்தா பிடிக்குமா உங்களுக்கு?"

"அது வேற கேள்வியில்லையா?" என்றாள் நெரெய்தா.

மருத்துவர் நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஏதாவது செய்வார் என்றுதான் நெரெய்தா நினைத்திருக்க வேண்டும், அப்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு வரி எழுதிப் பக்கத்தைத் திருப்பினார். போகும்போது ஊர்க்காரர்களிடம் சொன்னார்: "வேற இடமா இருந்தா இந்தப் பிள்ளைங்க எவ்வளவு கஷ்டப்படும் தெரியுமா? நீங்க எல்லாரும் எவ்வளவு இயல்பா ஏத்துக்கிறீங்க." ஊரே பெருமைப்பட்டது. அவர்கள் வண்டி மலையிறங்கிப் போவதை நெரெய்தா பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாள்.

அன்றைக்குச் சித்தப்பா என் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார்.

"செவேரோ, பயலுக்கு மனசுல ஏதோ குழப்பம். நீயும் இதைக் கடந்து வந்தவன். அவன் கூடவே இரு. தனியா விடாத."

நான் கூடவே இருந்தேன். தோட்டத்துக்கு, ஆற்றுக்கு, பூசைக்கு. அவள் சந்தைக்கு இறங்கினால் நானும் இறங்கினேன். அவள் வீட்டுக் கதவில் யாரும் பூட்டுப் போடவில்லை. நான்தான் பூட்டு. எனக்கு அது தெரியவில்லை. தம்பிக்குத் துணை இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அடுத்த தோட்டத்துக்காரர் மகள் சுனில்டாவை அவளுக்குப் பேசி முடித்தார்கள். சுனில்டாவுக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. அதிகம் பேசாத, குடிக்காத, கண்ணைப் பார்த்துக் கேட்கிற பையன் வேறு யார் இருந்தார்கள்? இரண்டு குடும்பமும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் இருவரும் காப்பி காயவைக்கிற களத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல நான் பத்தடி பின்னால்.

"உனக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று சுனில்டா கேட்டது காதில் விழுந்தது.

"பிடிக்கும். அதனாலதான் சொல்றேன். எனக்குள்ள புருஷன்னு ஒருத்தன் இல்ல சுனில்டா. நீ கட்டிக்கிட்டா, தினமும் இல்லாத ஒருத்தனுக்குச் சமைச்சுப் போடுவ."

சுனில்டா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாகிட்ட நானே வேண்டாம்னு சொல்லிக்கிறேன். உன் மேல பழி வராது," என்றாள். சொன்னபடியே செய்தாள். ஆனால் சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு என்னடா குறை வச்சேன்? சொல்லு. என்ன குறை?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்புறம் ஏன்டா?"

சித்தி உள்ளேயிருந்து வரவே இல்லை. அடுத்த மாதத்துக்குள் வேறு பெண் பார்ப்பதாகச் சித்தப்பா சொன்னார். மலையின் மறுபக்கத்திலிருந்து, இவளைப் பற்றி எதுவும் தெரியாத பெண்.

மறுநாள் நானும் நெரெய்தாவும் மேட்டுத் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். வெயில் உச்சியில் இருந்தது. அவள் வெட்டுக்கத்தியைத் தரையில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்குக் காலைல ஊர் முழுக்கக் கூடி, 'செவேரா, அது தப்பா நடந்துபோச்சு, பாவாடையக் கட்டிக்கிட்டு வா'ன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"பைத்தியமா உனக்கு?"

"அன்பாத்தான் சொல்றாங்க. ஆடு வெட்டுறாங்க. காதுல தோடு போட்டு விடுறாங்க. கடைசி வரைக்கும் அப்படியே இருன்னு சொல்றாங்க."

"எவன் சொன்னாலும் அவன் மண்டையப் பொளப்பேன்."

"ஏன்? உனக்குத்தான் பூவேலை அழகா வருமே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவளை டீ போட்டுப் பேசிவிட்டது எனக்கே உறைத்தது. அவளும் கவனித்தாள். என் கை என்னையறியாமல் கழுத்துக்குப் போயிருந்தது. அந்த வெள்ளைக் கவுனில் மூச்சு முட்டியது எனக்கு அப்போது அப்படியே திரும்ப வந்தது. மூன்று மணி நேரம்தான் அதைப் போட்டிருந்தேன். அவள் ஏழு வருஷமாகப் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டபோது தோளைப் பிடித்து அழுத்தியவன் நான்.

"எனக்கு எப்படித் தெரிஞ்சுதோ, உனக்கும் அப்படித்தான் தெரியுதா?" என்று கேட்டேன்.

"வேற எப்படித் தெரியும்?" என்றாள்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர்க் குடுவையை நீட்டினாள். என்ன செய்யணும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை எங்கூட வராம இரு," என்றாள்.

நான் போனேன். ஆனால் பின்னால் போகவில்லை, பக்கத்தில் போனேன். தலைநகரம் போகிற பத்து மணி பஸ்ஸுக்கு, ஊர் நடுத்தெருவில். பெரிய அக்காவின் பச்சைக் கவுனை அவள் உடுத்தியிருந்தாள். தோள்பட்டையில் தையல் பிரிந்துவிடும்போல இறுக்கமாக இருந்தது. முடி ஒட்ட வெட்டியபடியே. அழகாக இருந்தாள் என்று சொல்ல எனக்கு ஆசை. இல்லை, பயந்துபோயிருந்தாள். ஆனால் நடையில் தயக்கம் இல்லை. வீட்டு வாசல்களில் பேச்சு நின்றது. கடை வாசலில் டோமினோ ஆட்டமும் நின்றது.

சித்தப்பா எழுந்தார்.

"நெரெயோ. வீட்டுக்கு வா."

அவள் நின்றாள். "போயிட்டு வரேம்பா," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார். "உன்ன நம்பித்தானேடா விட்டேன்."

"ஆமா சித்தப்பா," என்றேன். அவளுடைய துணிப்பையைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினேன். சித்தப்பா அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை.

தலைநகரத்தில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடையாள அட்டையில் நெரெயோ, ஆண். அட்டையைக் கேட்கிற எந்த இடத்திலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கேட்காத இடத்தில் கூலியைக் குறைத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கிற ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டாள். வெட்டும் மேசையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. பெயரை மாற்ற எத்தனையோ தடவை மனுப்போட்டாள். ஒரு தடவை மாற்றியாயிற்று, திரும்பத் திரும்ப மாற்ற முடியாது என்றார்கள். பஸ்ஸில், சந்தையில், குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு சுவரைத் தாண்டினால் அடுத்த சுவர். ஆனால் அவள் குடியிருந்த சந்தில் அவளை நெரெய்தாம்மா என்று கூப்பிட்டார்கள். நான் போகிற போதெல்லாம் அந்தக் கூப்பாடு கேட்கும். உள்ளேயிருந்து "இதோ வரேன்" என்று அந்தப் பானைக் குரல் பதில் சொல்லும். மௌனமாக இருந்த பெண் இப்போது ஓயாமல் பேசுகிறாள். சாப்பிடும்போதும் பேச்சு நிற்பதில்லை.

பதினான்கு வருஷம் கழித்துச் சித்தப்பா இறந்தார். தந்தி கொடுத்தேன். ஒன்பது நாள் செபத்தின் கடைசி நாள் அவள் வந்தாள். கறுப்புக் கவுன், தலையில் கறுப்புத் துணி. எங்கள் ஊரில் இழவு வீட்டில் ஆண்கள் முற்றத்தில் நிற்பார்கள், பெண்கள் உள்ளே உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். முற்றத்தில் நின்ற நாங்கள் முப்பது பேரும் அவளைப் பார்த்தோம். ஒருத்தர் நாற்காலியை நகர்த்தி, "இப்படி உக்காருப்பா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"இல்லண்ணே, உள்ள போறேன்," என்று நெரெய்தா படியேறினாள்.

உள்ளே செபம் ஒரு கணம் தடுமாறியது. அதற்குள் பார்வை போய்விட்டிருந்த சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி, "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

சித்தி கையை நீட்டித் துழாவினாள். அவள் கை முதலில் தோளில் பட்டது, பிறகு தலைத் துணியில், பிறகு முகத்தில். எந்தப் பெயரும் சொல்லவில்லை. மகன் என்றும் சொல்லவில்லை, மகள் என்றும் சொல்லவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தாள். நெரெய்தா மற்ற பெண்களோடு சேர்ந்து பதில் சொன்னாள். அத்தனை குரலுக்கும் அடியில் அவளுடையது தனியாகக் கேட்டது.

மூன்று மணி பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன்.

"இங்க மூச்சு முட்டுதுண்ணே," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அங்கயும் முட்டுது. ஆனா அங்க முட்டுறது எனக்கு. நெரெயோவுக்கு இல்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு சீருடை வெட்டித் தர வேண்டியிருந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.